கிடையிலிருந்து எழுந்தோர்

முதுமை என்றதும் ஓய்வு என்னும் சொல்லே நம் நாவில் வந்து நிற்கின்றது. "நீங்கள் இருங்கள், நாங்கள் செய்கிறோம்" என்று கூறுவதே மூத்தோருக்கு நாம் செய்யும் பெரிய உபசாரம். இவ்வுபசாரம் எக்காலமும் நன்மை பயக்குமா? வரலாறு இதற்குத் தரும் விடையை இன்று சிறிது ஆராய்வோம்.

1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்தையொட்டி இங்கிலாந்து எங்கும் வேலை இல்லங்கள் எழுந்தன. உழைக்க வலுவுடைய வறியோரை உத்தேசித்து அவை அமைக்கப்பட்டன எனினும், காலப்போக்கில் அவற்றின் கூடங்களை நிரப்பியவர்கள் முதியோரும் நோயாளருமே. அவர்களுக்கு உணவு கிடைத்தது, படுக்கை கிடைத்தது, மருத்துவ ஆராய்வு மட்டும் கிடைக்கவில்லை. படுத்தவர் படுத்தவராகவே நாட்களைக் கழித்தனர்.

1935இல், லண்டனுக்கு மேற்கே ஐசில்வேர்த்தில் அமைந்த மேற்கு மிடில்செக்ஸ் வைத்தியசாலை, அயலிலிருந்த இத்தகைய நோயாளர் விடுதி ஒன்றைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. அதிலிருந்த 714 படுக்கைகளின் பொறுப்பு மார்ஜரி வாரன் என்னும் பெண் வைத்தியரிடம் வந்தது. 1897இல் பிறந்த அவர் அறுவைச் சிகிச்சையில் நாட்டமுடையவர். எனினும், வந்த பணியை வேண்டாப் பணியென்று அவர் ஒதுக்கவில்லை.

அவர் முதலிற் செய்த காரியம் மிக எளியது. ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்தார். இவருக்கு உள்ள நோய் யாது? அது தீரக்கூடியதா? எழுந்து நடக்க முடியாதவரா, அன்றி எழுப்புவார் இன்மையாற் கிடந்தவரா? இவ்வினாக்களை எழுப்பி, நோயாளரை வகைப்படுத்தினார். நெடுநாட் படுக்கை தசையை மெலிவிக்கும், மூட்டுக்களை இறுக்கும், முதுகிற் புண் உண்டாக்கும். ஆகவே, முதுமை விளைத்தது என்று கருதப்பட்ட தளர்ச்சியிற் பெரும்பகுதி, உண்மையில் படுக்கை விளைத்த தளர்ச்சியே என்பதை அவர் கண்டார். கூடங்களுக்கு வெளிச்சம் வந்தது. பக்கவாதத்தால் வீழ்ந்தோரும் எழவும் நிற்கவும் உடுக்கவும் சிறிது சிறிதாகப் பழக்கப்பட்டனர். பலர் வீடு திரும்பினர். 714 ஆக இருந்த படுக்கைகளில் ஏறத்தாழ 240 மாத்திரமே பின்னர் இத்தகையோருக்குத் தேவைப்பட்டன.

இவ்வனுபவத்தை அவர் 1943இலும் 1946இலும் மருத்துவ ஏடுகளில் எழுதினார். 1947இல் முதியோர் மருத்துவத்துக்கெனச் சங்கமொன்று இங்கிலாந்தில் தோன்றியது. அத்துறையின் தாய் எனப் பிற்காலத்தார் போற்றிய வாரன் 1960இல் மறைந்தார்.

வைத்தியசாலையில் விளங்கிய இவ்வுண்மை இல்லங்களுக்குள் நுழைய நெடுங்காலம் சென்றது. டென்மார்க்கில், தளர்ந்த முதியோரின் வீடுகளுக்குப் பணியாளர் சென்று துப்புரவு முதலிய வேலைகளைச் செய்துகொடுப்பது வழக்கம். 2008இல் பிரெடரிசியா என்னும் நகரம் இம்முறையை மாற்றியது. உதவி கேட்டவரிடம், "எதை நீங்களே மீண்டும் செய்ய விரும்புகின்றீர்கள்?" என்று முதலில் வினவப்பட்டது. கோப்பி தயாரிப்பதோ கடைக்குச் செல்வதோ, அவர் விரும்பியதே குறிக்கோளாயிற்று. சில வாரங்கள் அருகிருந்து பயிற்றுவிப்பதே பணியாளரின் கடமையாயிற்று. இதனை 'மீளவும் இயலச் செய்தல்' எனத் தமிழிற் கூறலாம். 2015இல் அந்நாட்டுச் சட்டமும் இதனை ஏற்றது.

எனினும், ஆராய்வாளர் இதனை முற்ற முடிந்த முடிபாகக் கொள்ளவில்லை. 2016இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, மேற்கு அவுஸ்திரேலியாவிலும் நோர்வேயிலும் நிகழ்ந்த இரு பரிசோதனைகளையே தகுதியுடையனவாகக் கண்டது. அவற்றிற் பங்குகொண்டோர் 811 பேர். பயன் உண்டெனத் தோன்றினும், சான்று மிக வலுக்குன்றியது என்பதே அத்தொகுப்பின் தீர்ப்பு. செலவைக் குறைக்க விரும்பும் அரசுகள், உதவியை நிறுத்துவதற்கு இதனை ஒரு சாட்டாகக் கொள்ளவும் கூடும். பயிற்றுவித்தல் வேறு, கைவிடுதல் வேறு.

என் பெரியதாயார் வழுக்கி வீழ்ந்து காலை முறித்துக்கொண்டபோது, அன்பின் மிகுதியால் நாங்கள் அவருடைய கையிலிருந்து விளக்குமாற்றை வாங்கினோம். திருவலையையும் எடுத்து அப்புறம் வைத்தோம். மூன்று மாதத்திற் கால் குணமடைந்தது. ஆனால், அவர் அடுக்களைக்குத் திரும்பவில்லை. "இனி எனக்கு அங்கே என்ன வேலை?" என்றார். அவரைக் கிடையில் வீழ்த்தியது முறிந்த கால் அன்று. எங்கள் உபசாரமே என்பதைக் காலங்கடந்தே நான் உணர்ந்தேன்.

முதியோருக்குத் துணை வேண்டும், அதில் ஐயமில்லை. ஆயினும், அவர் கையிலுள்ள வேலையை வாங்குமுன் ஒரு வார்த்தை அவரையே கேட்போமாக. வாரன் அன்று அக்கூடத்திற் செய்தது அதுவே.