பாரிஸ் பரணில் கிடைத்த தாழ்ப்பாள்

பாரிஸில் டாக்டர் ரூ தெருவிலுள்ள பாஸ்டர் ஆய்வு நிலையத்தில், கூரைக்கு நேர் கீழே ஓர் ஆய்வகம் இருந்தது. அங்கிருந்தவர்களுக்கு அது 'பரண்'. நெருக்கடியான அறைகள், நடுவே ஒரு நீண்ட நடை. அதன் தலைவர் ஆந்த்ரே லுவோஃப். ஒரு செல் தன் மரபணுக்களில் எதை எப்போது இயக்குகிறது, எதை மூடி வைக்கிறது, எப்படி? இந்தக் கேள்விக்கு முதல் தெளிவான விடை அங்கேதான் உருவானது.

தொடக்கம் ஒரு சர்க்கரைத் தகராறு. சோர்பானில் ஆய்வு செய்துகொண்டிருந்த ழாக் மோனோ, பாக்டீரியாவுக்கு இரண்டு வகைச் சர்க்கரையைக் கலந்து கொடுத்துப் பார்த்தார். குளுக்கோஸும் லாக்டோஸும் சேர்ந்தே இருந்தாலும் ஈ. கோலை என்ற பாக்டீரியா முதலில் குளுக்கோஸை மட்டுமே தின்று தீர்க்கிறது. பிறகு வளர்ச்சி சற்று நேரம் நின்றுவிடுகிறது. அதற்கப்புறம்தான் லாக்டோஸில் கை வைக்கிறது. அந்த இடைவேளையில் லாக்டோஸை உடைக்கும் நொதியை அது புதிதாகத் தயாரிக்கிறது. தேவையற்ற நேரத்தில் அடுப்பு ஏன் அணைந்திருக்கிறது, யார் பற்ற வைக்கிறார்கள் என்பது 1941இல் மோனோ முனைவர் பட்டம் வாங்கியபோதும் தெரியவில்லை.

அதற்குள் பாரிஸ் ஜெர்மானியர் கையில். மோனோ தலைமறைவு எதிர்ப்புப் படையில் சேர்ந்தார். பகலில் சோதனைக் குடுவை, மறுபக்கம் ரகசியச் சந்திப்புகள். சோர்பான் ஆபத்தானபோது லுவோஃப்பின் பரணே அவருக்கு அடைக்கலம். அங்கே வளர்த்த ஒரு பாக்டீரியா வகை லுவோஃப்பின் குடலிலிருந்தே எடுக்கப்பட்டது என்பது கொசுறுத் தகவல். ஆனால் அந்தக் காலம் சிரிப்புக்குரியதல்ல. பாக்டீரியாவுக்குள் உறங்கும் வைரஸ்களை அதே நிலையத்தில் ஆராய்ந்த யூஜீன், எலிசபெத் வோல்மன் தம்பதி 1943இல் பிடிபட்டு ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். திரும்பவில்லை.

அவர்களின் மகன் எலி வோல்மன் போருக்குப் பின் பரணுக்கு வந்தார். 1950இல் பிரான்சுவா ஜாகோப் வந்தார். அறுவை மருத்துவராக விரும்பியவர். 1944இல் நார்மண்டியில் பட்ட குண்டுக் காயம் அந்த வழியை அடைத்துவிட்டது. லுவோஃப் பலமுறை மறுத்த பிறகே இடம் கொடுத்தார். நடையின் ஒரு முனையில் ஜாகோப் உறங்கும் வைரஸோடு, மறு முனையில் மோனோ லாக்டோஸோடு. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று அப்போது எவருக்கும் தோன்றவில்லை.

1957இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஆர்தர் பார்டி இருவரோடும் சேர்ந்தார். லாக்டோஸ் இல்லாதபோதும் நொதியை ஓயாமல் தயாரிக்கும் 'கட்டுப்பாடு கெட்ட' பாக்டீரியாக்கள் மோனோவிடம் இருந்தன. நொதியையும் செய்ய முடியாத அப்படிப்பட்ட ஒன்றுக்குள், நல்ல மரபணுக்களை இன்னொரு பாக்டீரியாவிலிருந்து இணைசேர்க்கை மூலம் புகுத்தினார்கள். லாக்டோஸே இல்லாத நிலையிலும் சில நிமிடங்களில் நொதி உற்பத்தி தொடங்கிவிட்டது. பிறகு தானாகவே அடங்கிப்போனது.

இந்த 'அடங்கல்'தான் மோனோவின் பழைய நம்பிக்கையைக் கவிழ்த்தது. லாக்டோஸ் வந்து மரபணுவைத் தட்டி எழுப்புவதில்லை. மரபணு எப்போதும் வேலைக்குத் தயார். இன்னொரு மரபணு தயாரிக்கும் ஒரு பொருள் அதைத் தாழிட்டு வைக்கிறது. லாக்டோஸ் வரும்போது தாழ்ப்பாள் விலகுகிறது. புதிய செல்லுக்குள் தாழ்ப்பாள் சேர நேரமானதால்தான் அந்தச் சிறு அவகாசம். தடையை நீக்குவதும் தூண்டுவதுபோலத்தான் தோன்றும் என்று முன்பே எடுத்துச் சொன்னவர்களில் அணுகுண்டுப் புகழ் இயற்பியலாளர் லியோ சிலார்டும் ஒருவர்.

1958 ஜூலையில் மனைவியோடு சினிமா பார்க்கப்போன ஜாகோப்புக்குப் படத்தில் மனம் ஒட்டவில்லை. உறங்கும் வைரஸும் உறங்கும் லாக்டோஸ் மரபணுவும் ஒரே கதை என்பது அங்கே பளிச்சிட்டது. இரண்டிலும் டி.என்.ஏ.வின் மேலேயே ஒரு பூட்டு. விடுமுறை முடிந்து இதைக் கேட்ட மோனோ உடனே ஒப்புக்கொள்ளவில்லை. 1961இல் இருவரும் எழுதிய நீண்ட கட்டுரையில் 'ஓபரான்' முழு உருவம் பெற்றது: பக்கத்துப் பக்கத்தில் மரபணுக்கள், எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டு.

1965இல் லுவோஃப், மோனோ, ஜாகோப் மூவருக்கும் நோபல். பிரான்சுக்கு அறிவியல் நோபல் கிடைத்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. வெற்றி ஒரு பிடிவாதத்தையும் வளர்த்தது. எல்லா மரபணுவுக்கும் தாழ்ப்பாளே விதி என்று பலர் நம்பியதால், அரபினோஸ் சர்க்கரைக்கான மரபணுக்களுக்கு உந்துசக்தியாகச் செயல்படும் புரதம் உண்டென்று காட்டிய எல்லிஸ் எங்கல்ஸ்பெர்க் ஆண்டுக்கணக்கில் வாதாட வேண்டியிருந்தது. உண்மையில் அவர் சொன்னதும் சரிதான்.

பரண்காரர்களோ தாழ்ப்பாளைக் கண்ணால் பார்த்ததில்லை. 1966இல் ஹார்வர்டில் வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் அதைப் பிரித்தெடுத்தார்கள். அது ஒரு புரதம். சாதாரண ஈ. கோலை செல் ஒன்றில் அது இருப்பது ஏறத்தாழ பத்தே மூலக்கூறுகள்.