மகாத்மா காந்தி (ஆவணப்படம், 1940)

ஏ. கே. செட்டியார் தயாரித்து 1940 ஆகஸ்ட் 23 அன்று சென்னையில் வெளியிட்ட தமிழ் ஆவணப்படம். இரண்டாம் உலகப் போர் மூண்ட காலத்தில், அரசின் பணமோ ஆதரவோ இல்லாமல், ஒரு தனிமனிதரின் பிடிவாதத்தால் உருவானது. போர்க்கால ஆவணப்பட வரலாற்றில் இதற்குரிய இடம் இன்னும் சரியாகத் தரப்படவில்லை.

செட்டியார் (1911–1983) கோட்டையூர்க்காரர். கோட்டையூர் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்து வானம் பார்த்த பூமியைச் சேர்ந்தது. 1985இல் மாவட்டம் பிரிந்தபோது அது சிவகங்கையோடு சேர்ந்தது. செட்டியார் ரங்கூனில் ‘தனவணிகன்’ இதழை நடத்தியவர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை பயின்றவர்.

படத்துக்கான எண்ணம் பிறந்தது கப்பலில்தான். 1937 அக்டோபர் 2, காந்தி பிறந்தநாள். நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் சென்றுகொண்டிருந்த ‘சமேரியா’ கப்பலில் அவருக்கு அது தோன்றியது. தாமே எல்லாவற்றையும் படம்பிடிக்க முடியாது, நடந்து முடிந்தவற்றை மறுபடி நடத்திக் காட்டவும் கூடாது. ஆகவே பிறர் எடுத்து வைத்திருந்த சுருள்களைத் தேடிப் புறப்பட்டார். ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் அலைந்து, முப்பது ஆண்டுகளில் நூறு பேர்வரை எடுத்திருந்த காட்சிகளிலிருந்து 50,000 அடி சேர்த்தார். அதைச் சுமார் 12,000 அடியாகத் தொகுத்தார். காந்தி தம் அரசியல் குருவாகக் கருதிய கோகலே 1912இல் தென்னாப்பிரிக்கா சென்றபோது எடுத்த காட்சியும் அவர் கைக்கு வந்தது. பணம் திரட்டுவதும் தணிக்கையைத் தாண்டுவதும் இந்த அலைச்சலுக்குக் குறையாத பாடு. படத்தில் டி. கே. பட்டம்மாள் பாடியிருக்கிறார்.

அதே ஆண்டுகளில் அரசுகளும் கேமராவைப் போருக்கு அனுப்பின. அமெரிக்கக் கடற்படை ‘யார்க்டவுன்’ விமானந்தாங்கிக் கப்பலில் எடுத்த ‘தி ஃபைட்டிங் லேடி’ (1944) வண்ணப்படம் ஆஸ்கர் விருது பெற்றது. சீறிப்பாயும் விமானங்களில் பொருத்திய கேமராக்களே அதன் பல காட்சிகளைப் பதிவுசெய்தன. இந்தியாவில் ஆங்கில அரசு 1940இல் திரைப்பட ஆலோசனை வாரியத்தையும், 1943இல் ‘இன்ஃபர்மேஷன் ஃபிலிம்ஸ் ஆஃப் இந்தியா’வையும் அமைத்தது. அரசின் படங்களைத் திரையரங்குகள் கட்டாயம் காட்டவேண்டும் என்று பாதுகாப்பு விதியும் வந்தது. பஞ்சாலைத் தொழிலாளியும் தறிக்காரரும் காசு கொடுத்துப் பார்க்க வந்த கதைப்படத்துக்கு முன்னால் போர்ப் பிரசாரம் ஓடியது. அந்தக் கட்டாயத்துக்கு எதிர்த்திசையில் நின்றது செட்டியார் படம். அது வெளியான இரண்டு மாதத்துக்குள், அக்டோபர் 17 அன்று, போரை எதிர்த்துத் தனிநபர் சத்தியாக்கிரகம் தொடங்கியது. பறிமுதல் அச்சம் படத்தைத் தொடர்ந்தது.

தெலுங்கு வடிவமும் வந்தது. விடுதலையை ஒட்டி 1947 ஆகஸ்டில் இந்தி விளக்கவுரையோடு டெல்லியில் திரையிடப்பட்டது. 1953இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவம் வெளியாயிற்று. மூலப்படத்தைத் தேடிப் பலரும் ஏமாந்த நிலையில், அந்த ஆங்கில வடிவத்தின் பிரதி சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருப்பதை ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி கண்டறிந்தார்.

படம் எடுத்த அனுபவத்தைச் செட்டியார் தாம் நடத்திய ‘குமரி மலர்’ இதழில் எழுதினார். அது ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்ற நூலாகக் கிடைக்கிறது.