நந்தி தலைகாட்டும் வேளை

ஒரு கோடையில் பண்ணவாடிப் பரிசல் துறைக்குப் போயிருந்தேன். மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரையில் இருக்கிறது அந்தத் துறை. தண்ணீர் வெகுவாக இறங்கியிருந்தது. அணை நிரம்பிய நாட்களில் மூழ்கிக் கிடக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி அன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. இன்னொரு பக்கம் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரம். 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த அணைக்காக வீட்டையும் நிலத்தையும் விட்டுப் போன ஜனங்களின் ஞாபகச் சின்னங்கள் அவை.

வண்டல் படிந்த தரையில் யாரோ சோளம் விதைத்திருந்தார்கள்.

“தண்ணி இறங்கினா எங்களுக்கு ஒரு வெள்ளாமை ஆச்சுங்க. நந்தி தெரிஞ்சா, கீழே தஞ்சாவூர்க்காரங்க பாடுதானுங்க கஷ்டம்” என்றார் பரிசல்காரர்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கல்லணை ஆற்றைத் திருப்பும், பிரித்துக் கொடுக்கும், சேமித்து வைக்காது. ஆகவே, ஆற்றில் புதுவெள்ளம் வருகிற நாளே டெல்டா விவசாயிக்கு நல்ல நாளாக இருந்தது. அது சில வருஷம் முந்தும். சில வருஷம் பிந்தும். மேட்டூரில் 120 அடி தேக்கினால் சுமார் 9,347 கோடி கன அடி நீர் கையிருப்பு. அந்தத் தைரியத்தில்தான் ஜூன் 12-ந் தேதி திறப்பது, ஜனவரி 28-ந் தேதி மூடுவது என்று ஒரு பஞ்சாங்கமே ஏற்பட்டது. ஜூனில் தண்ணீர் வந்தால்தான் ஐப்பசி அடைமழைக்கு முன் குறுவையை அறுத்துக் களம் சேர்க்கலாம்.

ஆனால் பஞ்சாங்கம் மழையைக் கொண்டுவருமா? 2012 முதல் 2019 வரை எட்டு வருஷமும் அந்தத் தேதியில் மதகு திறக்கவில்லை. 2020-ல்தான் மறுபடி திறந்தது. 2023-ல் 103 அடி இருந்ததால் நாள் தவறாமல் திறந்தார்கள். தென்மேற்குப் பருவமழை கைவிட்டது. மேலேயிருந்து வரவேண்டிய நீர் வரவில்லை. அக்டோபர் 10-ந் தேதி அணையை மூடவேண்டியதாயிற்று. கடைமடையில் குறுவைப் பயிர் கருகியது. சம்பாவுக்குக் கொடுக்கவும் இருப்பு இல்லை.

திறந்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். உழுது போட்டுவிட்டு வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறவனிடம் “பொறு” என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? இருந்தாலும், நம் வீடுகளில் விதை நெல்லைத் தனிக் குதிரில் கொட்டி வாயை மெழுகிவிடுவார்களே, அது கல்நெஞ்சத்தினால் அல்ல. பசித்தவன் கை தன்னையறியாமல் நீளும் என்று தெரிந்துதான். அணைக்கும் அப்படி ஒரு குதிர் வேண்டும். மழை பொய்த்தால் எத்தனை அடியில் நிறுத்துவது, அதற்கு எத்தனை ஏக்கர் குறுவை தாங்கும் என்பதை மதகு திறக்குமுன் விவசாயிக்குச் சொல்லிவிடவேண்டும்.

பரிசல் திரும்பும்போது நந்தியை மறுபடி பார்த்தேன். ஓர் ஊரே தன்னைக் கொடுத்துச் சேர்த்த தண்ணீர் அது. கணக்குப் பார்த்துச் செலவழிப்பதுதான் அவர்களுக்கு நாம் காட்டும் மரியாதை.