எல்.டி.எல். துகளும் செல் சவ்வும்: ஏற்பி ஆய்வின் வரலாறு

கொலஸ்டிரால் நீரில் கரையாது. அதனால் இரத்தத்தில் அதைக் கொழுப்புப் புரதத் துகள்களே சுமந்து திரிகின்றன. அவற்றுள் அதிகம் பேசப்படும் எல்.டி.எல். துகள் சுமார் 22 நானோமீட்டர் விட்டமுடையது. நடுவில் ஏறக்குறைய 1500 கொலஸ்டிரால் எஸ்டர் மூலக்கூறுகள், அவற்றைப் போர்த்திய பாஸ்போலிப்பிட் படலம், அதைச் சுற்றி வளைத்த அபோ-பி 100 என்னும் ஒற்றைப் பெரும்புரதம். இத்தனை பெரிய துகளைச் செல் எப்படி உள்ளே எடுக்கிறது என்பது 1970களின் தொடக்கம் வரை புரியவில்லை. அதற்கு விடை கிடைத்த வழியை இக்கட்டுரை ஆராய்கிறது. சவ்வின் செயலைப் பற்றிய முக்கியமான கண்டுபிடிப்புகள், அச்செயல் பழுதுபட்ட குடும்பங்களிடமிருந்தே வந்தன. அக்குடும்பங்களில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கே அவற்றின் பயன் கடைசியாகப் போய்ச் சேர்ந்தது. இவ்விரண்டும் இங்கே முன்வைக்கப்படும் வாதம்.

தொடக்க கால ஆய்வுகள் இரத்தத்தையும் இரத்தக் குழாயையும் பார்த்தனவே தவிரச் செல்லின் வாயிலைப் பார்க்கவில்லை. 1913இல் ரஷ்யாவில் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்டிரால் ஊட்டி, தமனிச் சுவர்களில் கொழுப்புப் படிவதைக் காட்டினார். 1929இல் பாரிசில் மாஷெபோஃப் குதிரைச் சீரத்திலிருந்து முதல் கொழுப்புப் புரதத்தைப் பிரித்தார். 1950இல் கலிபோர்னியாவில் காஃப்மன் அதிவேக மையவிலக்குக் கருவியால் துகள்களை அடர்த்திவாரியாக வகைப்படுத்தினார்.

நோயின் பக்கமிருந்து வந்த தடம் வேறு. தோலிலும் தசைநாணிலும் மஞ்சள் கட்டிகள், இளவயதில் மாரடைப்பு ஆகியவை சில குடும்பங்களில் சேர்ந்தே வருவதை 1930களின் இறுதியில் நார்வேயின் கார்ல் முல்லர் எடுத்துக்காட்டினார். 1964இல் பெய்ரூட்டில் கச்சதூரியன் லெபனான் குடும்பங்களை ஆராய்ந்து, ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பழுதான மரபணுவைப் பெற்றவர்களையும் இருவரிடமிருந்தும் பெற்றவர்களையும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். இரண்டாம் வகைக் குழந்தைகளின் எல்.டி.எல். அளவு இயல்பைப்போல் ஆறு முதல் பத்து மடங்கு. மிக அரிதாக வரும் இந்நோயில் சிறுவயதிலேயே மாரடைப்பு நேர்கிறது.

டல்லஸ் நகரில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும் இக்குழந்தைகளின் தோலிலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை வளர்த்தனர். கொலஸ்டிரால் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் ரிடக்டேஸ் நொதி இச்செல்களில் இயல்பைவிட 40 முதல் 60 மடங்கு வேகமாக இயங்குவதை 1973இல் வெளியிட்டனர். நொதியே கெட்டுவிட்டது என்று அங்கேயே முடிவு கட்டியிருக்கலாம். அவர்கள் ஒரு படி மேலே போனார்கள். துகளைத் தவிர்த்து, ஆல்கஹாலில் கரைத்த கொலஸ்டிராலை நேராகக் கொடுத்தபோது நோயுற்ற செல்லிலும் நொதி அடங்கியது. ஆகவே நொதியில் குற்றமில்லை, துகள் கொண்டுவரும் கொலஸ்டிரால் உள்ளே சேராததே குறை. 1974இல் கதிரியக்க அயோடின் ஏற்றிய எல்.டி.எல். துகள்கள் இயல்பான செல்லின் சவ்வில் இறுகப் பற்றிக்கொண்டன. இரு பெற்றோரிடமிருந்தும் பழுதான மரபணு பெற்றவர்களின் செல்லில் அவை ஒட்டவில்லை. சவ்வில் ஒரு குறிப்பிட்ட ஏற்பி உண்டு என்பது இவ்வாறு நிறுவப்பட்டது. இந்த வரலாற்றிலேயே தர்க்கத்தின் அழகு மிகுந்த சோதனை இதுதான் என்பது என் கருத்து.

அடுத்த படிக்கும் ஒரு நோயாளியே காரணம். அவருடைய செல்களில் துகள் ஒட்டியது, ஆனால் உள்ளே போகவில்லை. பற்றுவதும் உள்ளிழுப்பதும் தனித்தனிச் செயல்கள் என்பது அப்போதுதான் புலப்பட்டது. 1964இலேயே ராத்தும் போர்ட்டரும் கொசுவின் முட்டைச் செல்களில், உட்புறம் புரதப் பூச்சுடைய குழிகளைக் கண்டிருந்தனர். அப்பூச்சின் முதன்மைப் புரதத்தைப் பிரித்தெடுத்த பார்பரா பியர்ஸ் அதற்குக் கிளாத்ரின் என்று பெயரிட்டார். இக்குழிகள் செல் பரப்பில் சுமார் 2 விழுக்காடே. ஆனால் எல்.டி.எல். ஏற்பிகளில் பாதிக்கும் மேற்பட்டவை அங்கேதான் குவிந்திருந்தன. அந்த நோயாளியின் ஏற்பிகளோ குழிகளில் சேராமல் சவ்வெங்கும் சிதறிக் கிடந்தன. ஏற்பியின் வால்பகுதியில், 807ஆம் இடத்தில் டைரோசினுக்குப் பதில் சிஸ்டீன் வந்ததே காரணம் என்று 1986இல் தெரியவந்தது. 839 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தில் ஒரே ஓர் அமிலம் மாறியதால் வந்த கேடு இது.

குழி உட்குழிந்து பையாகிப் பிரிந்ததும் உள்ளே அமிலத்தன்மை கூடுகிறது, ஏற்பி துகளை விடுவிக்கிறது. துகள் லைசோசோமுக்குச் சென்று சிதைந்து கொலஸ்டிராலை வெளியிடுகிறது. ஏற்பி, படகோட்டி அக்கரையில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்புவதுபோல, ஏறக்குறைய பத்து நிமிடத்தில் சவ்வுக்கு வந்துவிடுகிறது. கொலஸ்டிரால் போதுமானதும் செல் புதிய ஏற்பிகளை உருவாக்குவதைக் குறைத்துக்கொள்கிறது. இரத்தத்தில் எல்.டி.எல். எவ்வளவு தங்கும் என்பதைச் சவ்விலுள்ள, சிறப்பாகக் கல்லீரல் செல்லின் சவ்விலுள்ள, ஏற்பிகளின் எண்ணிக்கை பெரிதும் தீர்மானிக்கிறது. 1985இல் பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டீனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

எல்லாத் துகளும் இப்படி விழுங்கப்படுவதில்லை. எச்.டி.எல். என்னும் மற்றொரு கொழுப்புப் புரதத் துகள் சவ்விலுள்ள எஸ்.ஆர்-பி1 ஏற்பியில் அமர்ந்து கொலஸ்டிரால் எஸ்டரை மட்டும் கொடுத்துவிட்டு விலகுகிறது என்று 1996இல் மான்டி கிரீகர் குழு காட்டியது. செல்லிலிருந்து கொலஸ்டிராலை வெளியேற்றும் ஏ.பி.சி.ஏ-1 புரதத்தின் மரபணு 1999இல் அடையாளம் காணப்பட்டது. அதற்கும் வழிகாட்டியது நோய்தான்: வர்ஜீனியாவின் டான்ஜியர் தீவில் முதலில் அறியப்பட்டு, அத்தீவின் பெயரையே பெற்ற நோய்.

இனி மருந்து. ஜப்பானில் அகிரா எண்டோ பூஞ்சையிலிருந்து பிரித்த காம்பாக்டின் ரிடக்டேஸைத் தடுத்தது. உற்பத்தி குறைந்த கல்லீரல் செல்கள் கூடுதல் ஏற்பிகளை உண்டாக்கி எல்.டி.எல்.லை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொண்டன. இவ்வகையில் முதலாவதாக லோவாஸ்டாடின் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2003இல் பிரெஞ்சுக் குடும்பங்களில் பி.சி.எஸ்.கே-9 மரபணுவின் பிறழ்வு கண்டறியப்பட்டது. அம்மரபணு உருவாக்கும் புரதம் ஏற்பியைப் பிடித்து லைசோசோமுக்கே அனுப்பி அழிக்கிறது. அதைத் தடுக்கும் மருந்துகள் 2015இல் வந்தன.

இவ்விரு வகை மருந்துகளும் ஏற்பியைப் பெருக்குகின்றன அல்லது காக்கின்றன. செயல்படும் ஏற்பியே இல்லாத குழந்தைகளுக்கு அவற்றால் பெரும்பயன் இல்லை. 1984இல் பிட்ஸ்பர்க்கில் அத்தகைய 6 வயதுச் சிறுமிக்கு இதயத்தோடு கல்லீரலையும் மாற்றிப் பொருத்தினர். புதிய கல்லீரலின் ஏற்பிகளால் கொலஸ்டிரால் அளவு வெகுவாக இறங்கியது. மற்றவர்கள் இரத்தத்தை இயந்திரத்தின் வழியே செலுத்தி எல்.டி.எல்.லை வடிகட்டியே வாழ்ந்தனர். எல்.டி.எல். ஏற்பியின் துணையின்றி அதன் அளவை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கும் எவினாகுமாப் என்னும் எதிர்ப்பொருள் மருந்து, இந்நோய்க்கென அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2021இல்தான். அவர்களுடைய செல்கள் ஏற்பியைக் காட்டிக்கொடுத்து அப்போது 47 ஆண்டுகள் ஆகியிருந்தன.