கல்லில் பொறித்த மருத்துவம்

பள்ளிக் கரும்பலகையோடு நெடுங்காலம் பழகியவன் நான். ஆதலால், கோயிற் சுவரையே கரும்பலகையாக்கிய ஒரு மன்னனை நினைக்குந்தோறும் என் உள்ளம் உவகை கொள்கிறது. முன்னாளில் சயாம் என வழங்கிய தாய்லாந்தின் தலைநகராம் பாங்காக்கில் வாட் போ என்னும் பௌத்தக் கோயில் உள்ளது. அந்நாட்டாரின் உடல் பிடிக்கும் கலை அங்கே கல்லேறிய வரலாற்றை மாணவர்களாகிய உங்களுக்குக் கூற விழைகிறேன்.

தரையில் பாய் விரித்து, உடுத்த ஆடையுடனேயே ஒருவரைக் கிடத்தி, எண்ணெயின்றிக் கட்டைவிரல், உள்ளங்கை, முழங்கை, முழங்கால், பாதம் ஆகியவற்றால் அழுத்தியும், கைகால்களை வளைத்து நீட்டியும் செய்வது இம்முறை. உடலுள் உயிர்க்காற்று ஓடும் முதன்மையான வழிகள் பத்து என்றும், அவை கொப்பூழை அடுத்துத் தோன்றுகின்றன என்றும் அந்நாட்டு வைத்தியர் கொள்வர். அவற்றுள் மூன்றின் பெயர்கள் இத்தா, பிங்கலா, சுமனா என்பன. இடகலை, பிங்கலை, சுழுமுனை என்று சித்தர் வழக்கிற் கேட்டுப் பழகிய நமக்கு, இவற்றின் பூர்விகத்தை எவரும் சொல்ல வேண்டுவதில்லை. புத்தர்பிரானின் மருத்துவராகிய சீவகரையே இக்கலையின் தந்தையாக அவர்கள் வணங்குகின்றனர். பாலி நூல்களிலோ சீவகர் மருந்தும் அறுவையும் செய்தவராகவே காணப்படுகிறார். எனவே இதனை மரபென்று போற்றலாம். வரலாறென்று தேர்வுத் தாளில் எழுதிவிடாதீர்கள்!

பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் தூதராக 1687-இல் சயாம் சென்ற லா லூபேர் என்பார், அங்கே ஒருவர் நோயுற்றால் வல்லவர் ஒருவர் அவர் உடல்மீதேறிக் காலால் மிதித்து இளக்குவதை வியந்து எழுதியுள்ளார். அன்றைய தலைநகர் அயூத்தியா. நம் இராமகாதை அயோத்தியின் பெயரே அது. 1767-இல் பர்மியப் படை அந்நகரை எரித்தது. வைத்திய ஏடுகள் பலவும் அத்தீயில் மாய்ந்தன. ஏடு சிலர் கையிலும், வித்தை சில குடும்பங்களிலும் மறைந்து கிடந்தால் ஒரே போரில் நேரும் கேடு இது.

இவ்விழப்பின் நினைவு ஆறாத காலத்தில் அரியணை ஏறியவர் மூன்றாம் இராமர். அவர் 1832 முதல் வாட் போவைப் புதுப்பித்தபோது, மருத்துவம் முதலிய பல துறை அறிவையும் கல்லில் வெட்டுவித்தார். உடல் பிடித்தலுக்கென 60 மனித உருவப் படங்கள் பொறிக்கப்பட்டன. எவ்விடத்தை அழுத்தினால் எந்நோய் தணியும் என்ற குறிப்பும் உடன் உண்டு. 1836-இல், உடலை முறுக்கி நீட்டும் பயிற்சிகளைக் காட்டும் முனிவர் சிலைகள் ஏறத்தாழ 80 வார்க்கப்பட்டன. இன்று எஞ்சியவை சிலவே. வழிப்போக்கனும் நின்று படிக்கலாம். குருதட்சிணை இல்லை. யுனெஸ்கோ 2011-இல் இக்கல்வெட்டுகளை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. 2019-இல் இக்கலையையே மானிடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏற்றது.

பயன் யாது எனக் கேட்பீர்கள். தசை இறுக்கமும் முதுகுவலியும் சில காலம் தணிகின்றன, மூட்டுகள் இளகுகின்றன, மனம் அமைதியுறுகிறது. இவற்றை இக்கால ஆய்வுகளும் ஓரளவு ஒப்புகின்றன. பத்து வழிகளை உடற்கூறு நூல் கண்டதில்லை. எலும்பு முறிந்தவரும், காய்ச்சலுற்றவரும், காலில் இரத்தம் உறைந்தவரும் இதனை நாடலாகாது.

கல்லுக்கும் ஓர் எல்லை உண்டு. அழுத்தும் இடத்தை அது காட்டும். எவ்வளவு அழுத்துவது என்பதைக் காட்டாது. அது கைக்குக் கை வருவது. அதனாலேயே 1955-இல் அக்கோயிலில் ஒரு பள்ளி தோன்றியது. அங்கே மாணவர்கள் ஒருவர் உடலில் ஒருவர் அழுத்திப் பழகினர். வலித்தது எங்கே, இதமாயிருந்தது எங்கே என்பதை வாய்விட்டுச் சொல்ல ஓர் ஆள் எதிரே கிடந்தார்.