பகலில் எரியும் சுடர்: கிறித்தவ வழிபாட்டில் மெழுகுதிரி

விளக்கு இருளை நீக்குவது. இருளே இல்லாத இடத்தில் விளக்கு எதற்கு? கேட்பதற்கு எளிய வினா இது. ஆயினும் கிறித்தவத் திருச்சபையின் வரலாற்றில் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாக வழக்காடப்பட்டு வந்த வினாவும் இதுவே. பயன்படுபொருள் ஒன்று குறியீடாக உயரும் விதத்தை அறிய விழையும் கவிஞர்கட்கு மெழுகுதிரியின் வரலாறு நல்லதொரு பாடமாகும்.

தொடக்கக் காலத்து ஐயம்

முதற் கிறித்தவர்கள் இரவில் கூடினர், ஆதலின் விளக்கேற்றினர். துரோவா நகரின் மேல்மாடியில் பவுல் நள்ளிரவு வரை உரையாற்றியபோது அங்குப் பல விளக்குகள் இருந்தன என்று திருத்தூதர் பணிகள் நூல் குறிக்கிறது. கி.பி. 258இல் கார்த்தேசு நகரின் ஆயர் சிப்பிரியான் தலை வெட்டுண்டு இறந்தபோது, மெழுகுதிரிகளும் தீவட்டிகளும் ஏந்தி இரவில் அவர் உடலைக் கொண்டு சென்றனர். இவையெல்லாம் தேவை கருதி ஏற்றிய விளக்குகளே.

உரோமானியக் கோயில்களிலும் தெய்வச் சிலைகளின் முன்பும் பகலிலேயே விளக்குகள் எரிந்தன. அதனால் கிறித்தவ அறிஞர்கள் இவ்வழக்கத்தை ஐயத்துடன் நோக்கினர். கதிரவனைப் படைத்தவனுக்கு மெழுகுதிரி கொண்டு ஒளி காட்டுவது அறிவுடைமை ஆகுமா என்று நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலாக்தான்சியு எள்ளி நகையாடினார். ஏறத்தாழ அதே காலத்தில் இசுப்பானியத்தின் எல்விரா நகரில் கூடிய ஆயர் மன்றம், கல்லறைகளில் பகற்பொழுதில் மெழுகுதிரி ஏற்றலாகாது எனத் தடை விதித்தது.

ஜெரோமின் விடை

காலியா நாட்டுக் குரு விசிலான்சியு இவ்வெதிர்ப்பை மீண்டும் எழுப்பினார். பெத்லகேமில் வாழ்ந்த ஜெரோம் கி.பி. 406இல் அவருக்கு மறுப்புரை எழுதினார். கீழைத் திருச்சபைகளில் நற்செய்தி வாசிக்கும் வேளையில், கதிரவன் ஒளிரும்போதே விளக்கேற்றுகின்றனர். அது இருளை ஓட்டுவதற்கன்று, மகிழ்ச்சியைப் புலப்படுத்துவதற்கே என்பது அவர் விடையின் சாரம். தேவையிலிருந்து விடுபட்ட சுடர் இங்கே பொருள் தாங்கும் சொல்லாகி விடுகிறது.

திரியைப் போற்றிய பாடல்

இச்சொல் விரிந்து பாடலானது பாசுகா இரவில்தான். கோயிலுக்கு வெளியே புதுத்தீ மூட்டி, அதினின்று பெருந்திரியை ஏற்றுவர். திருத்தொண்டர் அதனை ஏந்தி இருண்ட கோயிலுக்குள் நுழைந்து மும்முறை நிற்பார். மக்கள் தம் கைத்திரிகளை அதினின்று ஏற்றிக்கொள்ள, ஒளி இடம் விட்டு இடம் பரவும். பின்னர் அவர் மேடையேறி, 'எக்சுல்தெத்' என்னும் பாசுகா புகழுரையைப் பாடுவார். மெழுகுதிரியைப் புகழ்ந்து தாமும் சில அடிகள் யாத்ததாக அகுசுதீன் தம் 'இறைவனின் நகரம்' நூலில் கூறுகிறார். இவ்வகைப் பாடலின் பழமைக்கு அது சான்று.

தென்னித்தாலியில் பத்தாம் நூற்றாண்டு முதல் பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை இப்பாடலை நீண்ட தோற்சுருள்களில் எழுதி ஓவியம் தீட்டினர். எழுத்து ஒரு திசையிலும் ஓவியம் தலைகீழாகவும் இருக்கும். பாடுபவர் சுருளை மேடைக்கு வெளியே தொங்கவிடும்போது, கீழே நிற்கும் மக்களுக்கு ஓவியம் நேராகத் தெரியும். படிக்கத் தெரிந்தவர்க்கு எழுத்து, தெரியாதவர்க்கு ஓவியம்! சில சுருள்களில் தேனீக்களும் தேனெடுப்போரும் இடம்பெற்றுள்ளனர்.

தேனீக்கு அவ்விடம் கிடைத்ததற்குக் காரணம் உண்டு. தேனீக்கள் புணர்ச்சியின்றி இனம் பெருக்குவன என்று பண்டையோர் நம்பினர். வெர்சிலும் அவ்வாறே பாடினார். ஆகவே தேன்மெழுகு கன்னியிடம் பிறந்த கிறித்துவின் உடலாயிற்று. உள்ளிருக்கும் நூல் அவர் ஆன்மா. சுடர் அவர் இறைமை. இந்நம்பிக்கை பிழையென்று இன்று அறிவோம். அரசித் தேனீ ஆண் தேனீக்களுடன் கூடவே செய்கிறது. எனினும் ஆண் தேனீக்கள் கருவுறாத முட்டைகளினின்றே பிறக்கின்றன என்பதும் அறிவியல் கண்ட உண்மை. பாசுகாத் திரியில் பெரும்பங்கு தேன்மெழுகாகவே இருத்தல் வேண்டும் என உரோமை 1904இல் வலியுறுத்தியது.

அணைத்தலும் அகற்றலும்

ஏற்றுதல் மட்டுமன்று, அணைத்தலும் வழிபாட்டு மொழியே. புனித வாரத்து இருள் வழிபாட்டில், முக்கோணத் தண்டில் எரியும் பதினைந்து திரிகளைத் திருப்பாடல்கள் முடிய முடிய ஒவ்வொன்றாக அணைப்பர். இறுதித் திரியை மட்டும் அணையாது பீடத்தின் பின்னே மறைத்துப் பின்னர் வெளிக்கொணர்வர். மறைந்த ஒளி மாய்ந்த ஒளியன்று என்பதை உணர்த்த ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

சமயச் சீர்திருத்தக் காலத்தில் பழைய ஐயம் மீண்டும் தலைதூக்கியது. இங்கிலாந்தில் 1547ஆம் ஆண்டின் அரசாணை உருவங்களின் முன் எரிந்த விளக்குகளை அகற்றி, பீடத்தில் இரண்டே விளக்குகளை விட்டுவைத்தது. பிப்ரவரி 2ஆம் நாளின் மெழுகுதிரிப் பவனி 1548இல் தடையுற்றது. செருமானிய லூத்தரன் சபைகளோ பீடத் திரிகளைப் பேணிக் காத்தன. ஆங்கிலிக்கச் சபையில் இவ்வழக்கு 1890இல் லிங்கன் ஆயர் எட்வர்டு கிங் மீதான விசாரணை வரை நீண்டது. வழிபாட்டுக்கு முன்பே ஏற்றப்பட்ட பீடத் திரிகள் எரிவது குற்றமன்று எனக் காண்டர்பரிப் பேராயர் பென்சன் தீர்ப்பளித்தார்.

இரவை இழந்த பாடல்

இவ்வரலாற்றின் பெரும் முரண் எதிர்ப்போரால் விளைந்ததன்று, போற்றியோராலேயே விளைந்தது. கத்தோலிக்கத் திருச்சபையில் பாசுகா இரவு வழிபாடு காலப்போக்கில் முன்னோக்கி நகர்ந்து சனிக்கிழமைக் காலையை அடைந்தது. இரவைப் போற்றும் பாடலைப் பல நூற்றாண்டுகள் காலை வெயிலில் பாடினர். பன்னிரண்டாம் பயசு 1951இல் அதனை மீண்டும் இரவுக்கு மாற்ற இசைவளித்தார். 1955இல் அதுவே முறையாயிற்று.

ஜெரோம் போற்றிய நற்செய்தித் திரியும் பகலில் எரிந்தது; பாசுகாத் திரியும் பகலில் எரிந்தது. முன்னது நிறைவு, பின்னது குறைவு. முன்னது மகிழ்ச்சியைச் சொல்ல வந்தது. அதற்கு இருள் வேண்டுவதில்லை. பின்னது இரவை வென்ற ஒளியைச் சொல்ல வந்தது. இரவை இழந்ததும் அதன் உயிர்நாடி தளர்ந்தது. குறியீடு பயனைத் துறக்கலாம். தான் சொல்ல வந்த உண்மையைத் துறத்தல் ஆகாது. மெழுகுதிரிக்கு ஆகும் இவ்விதி கவிதைக்கும் ஆகும்.