சுசந்திகாவின் வெண்கலம்

2000 செப்டம்பர் 28, சிட்னி. ஒலிம்பிக் பெண்கள் 200 மீட்டர் இறுதி ஓட்டம். அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் 21.84 விநாடியில் முதலாவது. பஹாமாஸின் பாலின் டேவிஸ் தாம்சன் 22.27. இலங்கையின் சுசந்திகா ஜயசிங்க 22.28. நூறில் ஒரு விநாடியில் வெள்ளி கைவிட்டுப் போச்சு. ஆனாலும் 1948இல் டங்கன் வைட் வாங்கிய வெள்ளிக்குப் பிறகு, 52 வருஷம் கழித்து இலங்கைக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

மேடையேறிய மூவரில், ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிய பழைய கதை சுசந்திகாவுக்குத்தான் இருந்தது. கேகாலை மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்து, 1997 ஏதென்ஸ் உலகப் போட்டியில் 200 மீட்டர் வெள்ளி வாங்கியவர். அடுத்த வருஷமே அவருடைய மாதிரியில் நாண்ட்ரோலோன் இருப்பதாகச் சொன்னார்கள். இது அரசியல் பழிவாங்கல் என்றார் அவர். பிறகு குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஆனால் விடுவிப்புச் செய்தி எப்போதும் உள்பக்கத்தில் சின்னதாகத்தானே வரும்?

நாண்ட்ரோலோன் விசித்திரமான சாமான். சோதனையில் தேடுவது அதையல்ல, உடம்பு அதை உடைத்த பிறகு சிறுநீரில் மிஞ்சும் துணுக்கை. அதுவும் ஒரு மில்லிலிட்டருக்குச் சில நானோகிராம் அளவில். அந்தத் துணுக்கு மனித உடம்பிலேயே கொஞ்சம் உருவாகும், கர்ப்ப காலத்தில் கூடும். நான் மணலிக்காரன். இங்கே ரிஃபைனரி லேபில் பெட்ரோலைப் பிரித்துப் பார்க்கும் கேஸ் குரோமட்டோகிராஃபும், வீரர்களின் சிறுநீரை அலசும் கருவியும் ஒரே குடும்பம். கருவி பொய் சொல்லாது என்பது சரி. ஆனால் அது தருவது ஒரு எண் மட்டும்தான். அந்த எண்ணைக் குற்றமாக மாற்றுவது மனிதர்கள் போட்ட வரம்பு.

ஏதென்ஸில் சுசந்திகாவுக்கு அடுத்து வெண்கலம் வாங்கிய ஜமைக்காவின் மெர்லின் ஓட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999இல் அவரும் இதே நாண்ட்ரோலோனில் சிக்கினார். 2000இல் நடுவர் குழு அவரை விடுவித்தது. ஆய்வகம் சிறுநீரின் அடர்த்தியைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. எடுத்துப் பார்த்தால் அளவு வரம்புக்குக் கீழே வந்துவிட்டது! வகுத்தலில் ஒரு காரணி விட்டுப்போன பக், அவ்வளவுதான். அதற்குள் ஒரு வருஷம் போய்விட்டது.

இப்போது மரியன் ஜோன்ஸுக்கு வருவோம். சிட்னியில் அதே வாரம் அவருடைய கணவர், குண்டு எறிதல் உலக சாம்பியன் சி.ஜே. ஹண்டர், நாண்ட்ரோலோனில் மாட்டிய செய்தி வெளியானது. பத்திரிகையாளர் சந்திப்பில் ஜோன்ஸ் கணவருக்கு ஆதரவாக வந்து நின்றார். ஊட்டச்சத்து நிபுணர் என்று ஒருவர் எழுந்து, இரும்புச்சத்து மாத்திரையில் கலப்படம் என்று விளக்கம் கொடுத்தார். அவர் பெயர் விக்டர் கான்டே. சில வருஷம் கழித்து, பால்கோ நிறுவனம் வழியாக ஊக்கமருந்து விற்ற வழக்கில் சிறைக்குப் போன அதே கான்டே. தற்காப்பு வாதம் என்பது நிரபராதிக்கு மட்டும் கிடைக்கிற வசதி இல்லை, பார்த்தீர்களா.

ஜோன்ஸ் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: நான் எந்தச் சோதனையிலும் சிக்கியதில்லை. அன்றைக்கு அது உண்மையும்கூட. அவர் எடுத்த 'தி கிளியர்' என்ற ஸ்டீராய்டைக் கண்டுபிடிக்க அப்போது சோதனையே கிடையாது. 2003இல் அவருடைய முன்னாள் பயிற்சியாளர் டிரெவர் கிரஹாம், பெயர் சொல்லாமல் ஒரு சிரிஞ்சை அதிகாரிகளுக்கு அனுப்பினார். லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வகத்தில் டான் காட்லின் அதில் இருந்ததைக் கண்டுபிடித்தார். என் தொழிலில் இது தினப்படி சமாச்சாரம். டெஸ்ட் எல்லாம் பாஸ் என்றால், எழுதின டெஸ்டில் மாட்டவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். 2007இல் ஜோன்ஸ் ஒப்புக்கொண்டார். 2009 டிசம்பரில் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியானது. ஒன்பது வருஷம்!

ஆக, சிக்கியவர் விடுவிக்கப்பட்டார், சிக்காதவர் குற்றவாளி. இதை வைத்து 'நம்ம ஆளு செஞ்சிருக்க மாட்டாங்க' என்று சத்தியம் செய்யக் கிளம்பினால் நேராக கோமதி மாரிமுத்துவிடம் போய் முட்டுவோம்.

திருச்சிப் பக்கம் முடிகண்டத்துக்காரர். 2019 ஏப்ரல் 22, தோஹா ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம். தமிழ்நாடே அவர் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தது. அடுத்த மாதமே நாண்ட்ரோலோன் செய்தி. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்றார். ஆனால் சிக்கியது ஒரு மாதிரியில் மட்டும் இல்லை. ஊக்கமருந்து விதியின்படி, உடம்பில் எது இருந்தாலும் அதற்கு வீரரே பொறுப்பு. எப்படி வந்தது என்று காட்ட வேண்டியதும் அவரே. நான்கு வருஷத் தடை, தங்கமும் போச்சு. 'சதி' என்று சிலர் கத்தினார்கள். பலர் சத்தமில்லாமல் ஸ்டேட்டஸை மாற்றிக்கொண்டார்கள்.

அந்தத் தீர்ப்பை எதிர்த்து வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் கோமதிக்காகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அவருடைய முதல் மாதிரி மார்ச் 18 அன்றே, பட்டியாலா ஃபெடரேஷன் கோப்பையில் எடுக்கப்பட்டது. அந்த முடிவு நேரத்துக்கு வந்திருந்தால் அவர் தோஹாவுக்கு விமானம் ஏறியிருக்கவே மாட்டார். ஊர் கூடிக் கொண்டாடி, அதே ஊர் பார்க்கத் தங்கத்தைப் பறிகொடுக்கும் நிலை வந்திருக்காது. ஒரு பாட்டில் சிறுநீரைச் சோதித்து, ஒரு தாளில் எழுதி, சங்கத்துக்கு அனுப்ப நடுவில் 35 நாள் இருந்தது.